சிவானந்தா சாலையில் ஒரு நாள் ஒளிபரப்பு

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. வானொலியின் ஒரு கிளையாகவே அப்போது தூர்தர்ஷன் இயங்கிவந்தது. 1976 ஏப்ரல் 1 அன்று அது தனித் துறையானது. சேப்பாக்கத்தில் சுவாமி சிவானந்தா சாலையில் உள்ள இந்த நிலையத்தின் ஒரே அலைவரிசைதான் 1980களின் நடுவில் சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் தமிழ் நிகழ்ச்சிகளைத் தந்தது. மாலையில் தொடங்கி இரவில் முடியும் ஒளிபரப்பில் உழவருக்கு ஒரு பகுதி, குழந்தைகளுக்கு ஒரு பகுதி, பெண்களுக்கு ஒன்று, செய்தி, நாடகம், கச்சேரி, திரைப்பாடல் என எல்லாம் வரிசையாக வந்தன. வேறு அலைவரிசைக்கு மாற்ற வழியில்லை என்பதால், பாட்டுக்காகக் காத்திருந்த கல்லூரி மாணவர் நெல்லில் இலைச்சுருட்டுப் புழுவைக் கட்டுப்படுத்தும் முறையையும் பார்த்தார். வயலிலிருந்து திரும்பிய விவசாயி குழந்தைகளின் பொம்மலாட்டத்தையும் பார்த்தார். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நிகழ்ச்சிகளை ஒரே மாலைக்குள் தடங்கலின்றிக் கோத்துத் தருவது தனித் தொழில். அதைச் செய்தவர்களின் பெயர்கள் பெரும்பாலும் திரையில் வந்ததில்லை.

அந்தத் தொழில் ஒரு தாளில் தொடங்குகிறது. எந்தக் கிழமையில் எந்த நேரத்தில் எந்த வகை நிகழ்ச்சி என்பதை நிலையான அட்டவணை ஒன்று முன்கூட்டியே வகுத்துவைக்கும். அதை ஒட்டி வார நிரல் வரும். கடைசியில் வருவது அன்றைக்கு உரிய கியூ ஷீட். நிகழ்ச்சி ஸ்டுடியோவிலிருந்து நேரடியாக வருகிறதா, டேப்பிலிருந்தா, பிலிமிலிருந்தா, எத்தனை நிமிடம் எத்தனை நொடி, கடைசிச் சொல் எது, கடைசிக் காட்சி எது என எல்லாம் அதில் இருக்கும். கடைசிச் சொல் தெரியாவிட்டால் அடுத்த நிகழ்ச்சிக்குத் தாவுவது எப்போது என்று தெரியாது. டியூட்டி ரூமில் இருப்பவர் கணக்கைப் பின்னாலிருந்து முன்னோக்கிப் போடுகிறார். டெல்லியின் தேசிய நிகழ்ச்சிக்கு இணைய வேண்டிய நேரம் மாறாது. அதிலிருந்து ஒவ்வொரு நிகழ்ச்சியின் நீளத்தையும் கழித்துக்கொண்டே மேலே வந்தால், இடையில் எத்தனை நொடி மிச்சம் என்பது தெரியும். அந்த மிச்சத்தில் அறிவிப்பாளர் பேசுவார். இன்னும் மிச்சமிருந்தால் குறும்படமோ, வாத்திய இசையோடு ஒரு பூவின் படமோ போகும்.

ஒளிபரப்புக்கு முன்னதாகவே பொறியாளர்கள் வேலையைத் தொடங்கிவிடுவார்கள். அக்கால வண்ணக் கேமராவுக்குள் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று குழாய்கள். அவை சூடேறி நிலைப்படும்வரை காத்திருந்து, மூன்று படமும் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்தும்படி சீர்செய்ய வேண்டும். கொஞ்சம் விலகினாலும் முகத்தின் ஓரத்தில் வண்ண நிழல் விழும். இரண்டு கேமராக்களில் ஒரே புடவை இரண்டு நிறமாகத் தெரியாமல் பார்த்துக்கொள்வதற்கென்றே கட்டுப்பாட்டுப் பெட்டியின் முன் ஒருவர் உட்கார்ந்திருப்பார். பிறகு வண்ணப் பட்டைகள், ஒற்றைச் சுருதியில் ஒரு ஒலி. அதன்பின் சுழன்று வந்து கண்போல நிலைகொள்ளும் சின்னமும் ஷெனாய் இசையும். அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் பயின்ற தேவாசிஸ் பட்டாச்சார்யா வரைந்தது அந்தச் சின்னம். இசையை அமைத்தவர்கள் பண்டிட் ரவிசங்கரும் உஸ்தாத் அலி அகமது ஹுசேன் கானும்.

சின்னம் மறைந்ததும் தெரியும் முகம் அறிவிப்பாளருடையது. சிறிய அறை, ஒரு கேமரா, மேசைமேல் ஒரு மலர்ச்சாடி. பார்ப்பவருக்கு எளிதாகத் தோன்றும் இந்த வேலைதான் அந்த மாலையில் மிகக் கடினமானது என்று சொல்லலாம். யு-மேட்டிக் டேப் ஓடத் தொடங்கிய உடனே படம் நிலைப்படாது. சில நொடிகள் ஓடிய பிறகே ஒளிபரப்பத் தகுந்த படம் வரும். ஆகவே அறிவிப்பாளர் பேசி முடிப்பதற்குச் சில நொடி முன்பே டேப் இயந்திரத்தை ஓடவிட வேண்டும். ஓடவிட்டபின் அவர் தடுமாறி நீட்டினால் நிகழ்ச்சியின் முதல் காட்சி போய்விடும். முந்தி முடித்தால் அவர் திரையைப் பார்த்துப் புன்னகைத்தபடியே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். எழுதிய வாக்கியத்தை மனத்தில் வைத்து, கடைசிச் சொல்லைக் குறித்த நொடியில் சொல்லி முடிக்கும் பழக்கம் வருடக்கணக்கில் வருவது. நுண்கோடு போட்ட புடவை திரையில் அலையலையாக மினுங்கும், வெள்ளைப் புடவை முகத்தை இருட்டாக்கும் என்பதால் உடையையும் கேமராவுக்கு ஏற்பவே தேர்ந்தார்கள்.

‘வயலும் வாழ்வும்’ நிலையத்தின் நெடுங்கால நிகழ்ச்சிகளில் ஒன்று. அதன் வேர் தொலைக்காட்சிக்கும் முந்தியது. ஆடுதுறை 27 என்ற நெல் ரகம் திருச்சி வானொலியின் வேளாண் ஒலிபரப்பு வழியாகத் தஞ்சை வட்டாரத்தில் பரவியபோது, உழவர்கள் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்று பெயரிட்டுவிட்டார்கள். டெல்லியில் 1967 ஜனவரி 26 அன்று, சுற்றியிருந்த 80 கிராமங்களுக்காகத் தொடங்கிய ‘கிருஷி தர்ஷன்’ அந்த வழியைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தது. தமிழில் அதைச் செய்தவர்களின் வேலை பெரும்பாலும் வெயிலில்தான். தயாரிப்பாளர், கேமராமேன், ஒலிப்பதிவாளர், விளக்கு உதவியாளர், ஓட்டுநர் எனச் சிறு குழு வேனில் கிளம்பும். நாற்றங்கால் பருவம் தப்பினால் அடுத்த பருவம்வரை அந்தக் காட்சி கிடைக்காது என்பதால் வேளாண் நாட்காட்டிதான் அவர்களுக்குப் படப்பிடிப்பு நாட்காட்டி.

நேர்காணலில்தான் இந்தக் குழுவின் திறமை தெரியும். வரப்பில் நின்று மைக்கைப் பார்த்ததும் உழவர் மேடைத்தமிழுக்கு மாறிவிடுவார். அனுபவமுள்ள தயாரிப்பாளர் கேமராவை முன்பே ஓடவிட்டுவிட்டு, மாட்டைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேச்சுக்கொடுப்பார். பேச்சு தன் ஊர்வழக்குக்குத் திரும்பியபிறகுதான் உரம் எத்தனை கிலோ, எத்தனை தண்ணீர் என்ற கேள்வி வரும். விஞ்ஞானியோடு சிக்கல் வேறுவிதம்: எக்டேருக்குச் சொல்வதை ஏக்கருக்கு மாற்றவேண்டும், மருந்தின் வேதிப்பெயரோடு கடையில் கேட்டு வாங்கும் பெயரும் வேண்டும், ஆனால் அரசு நிலையம் ஒரு வணிகப் பெயரை விளம்பரப்படுத்தவும் கூடாது. இந்த இக்கட்டுக்குள் நின்று, கேட்பவர் மறுநாள் காலையில் செய்யக்கூடிய ஒரு செய்தியைச் சொல்லி முடிப்பது அரைமணி நேர நிகழ்ச்சியின் உண்மையான சாதனை. விளம்பரதாரர் தேடிவராத நேயர்களுக்காகப் பொதுப்பணத்தில் இவ்வளவு உழைப்பு செலவிடப்பட்டது. பொது ஒளிபரப்பு என்ற ஏற்பாட்டுக்கு இதைவிட நல்ல நியாயம் கிடைப்பது அரிது.

குழந்தைகளுக்குக் ‘கண்மணிப் பூங்கா’, பெண்களுக்கு ‘மனைமாட்சி’ என அடுத்தடுத்த பகுதிகள் ஸ்டுடியோவிலேயே தயாராயின. ஒரே தளத்தில் காலையில் சமையலறை, மதியம் பூங்கா. செட் பிரிவினர் தட்டிகளைத் திருப்பி வேறு வண்ணம் பூசி வைப்பார்கள். குழந்தைகள் நிகழ்ச்சியில் ஃப்ளோர் மேனேஜர் பாதி ஆசிரியராகிவிடுவார்: காதில் கட்டுப்பாட்டு அறையின் குரல், எதிரே கேமராவை வாய்பிளந்து பார்க்கும் இருபது பிள்ளைகள்.

செய்தி அறையின் வேகம் தனி. செய்தி நிறுவனங்களின் தகவல்கள் ஆங்கிலத்தில் டெலிபிரிண்டரில் வந்து விழும். அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்து, சுருக்கி, தமிழில் எழுதி, வாய்விட்டுப் படித்துப்பார்த்து, படத்தோடு பொருத்தி முடிப்பதற்குள் மாலை வந்துவிடும். படமும் தானாக வந்துவிடவில்லை. தொடக்க ஆண்டுகளில் நிகழ்விடக் காட்சிகளை 16 மி.மீ. பிலிமில் எடுத்தார்கள். பிலிமைக் கழுவி, உலர்த்தி, வெட்டி ஒட்டி, டெலிசினி இயந்திரத்தில் ஏற்றினால்தான் அது திரைக்கு வரும். பிற்பகலில் நடந்த கூட்டம் அன்றைய செய்தியில் சொல்லாக வரும், படமாக வராது. கையில் எடுத்துச்செல்லும் வீடியோ கேமராக்கள் வந்தபிறகே இந்த இடைவெளி சுருங்கியது.

வாசிப்பாளர்கள் கையில் இருந்தது தாள்கள்தான். ஒரு வாக்கியத்தின் முன்பாதியைக் கண்ணால் வாரியெடுத்து, நேயரைப் பார்த்துச் சொல்லி, பின்பாதிக்குக் குனிய வேண்டும். தலை குனிவதும் நிமிர்வதும் பொருள் பிரியும் இடத்தில் நிகழ்ந்தால் வாசிப்பு பேச்சுபோல இருக்கும். நடுச்சொல்லில் நிகழ்ந்தால் ஒப்பிப்பு ஆகிவிடும். ஷோபனா ரவி, வரதராஜன் போன்றோர் வீட்டுக்கு வீடு தெரிந்த பெயர்களானது இந்தக் கட்டுப்பாட்டால். ழகரமும் றகரமும் பிசகாத, குரலை உயர்த்தாத அந்த வாசிப்பு தமிழ்ச் செய்திக்கு ஒரு நடையை ஏற்படுத்தித் தந்தது. அரசின் குரலாகவே செய்தி இருந்தது, எதிர்க்கட்சிகளுக்குக் கிடைத்த இடம் மிகச் சிறிது என்ற குறை அன்றும் உரக்கச் சொல்லப்பட்டது. அதில் உண்மையும் இருந்தது. வாசித்தவர்களும் எழுதியவர்களும் அந்த வரம்பை வகுத்தவர்கள் அல்ல.

நாடகம் ஸ்டுடியோவின் எல்லாக் கைகளையும் ஒன்றுசேர்க்கும். சபா மேடைகளில் பழகிய குழுக்கள் பலவும் இங்கே நடித்தன. கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பேசிப் பழகிய நடிகருக்கு, நாலடி தூரத்தில் இருக்கும் கேமராவுக்குக் குரலைக் குறைக்கச் சொல்லித்தருவதே முதல் ஒத்திகை. தரையில் சாக்பீஸ் குறி: அதில் நின்றால்தான் விளக்கு முகத்தில் விழும், தலைக்குமேல் நீளும் பூம் மைக்கின் நிழல் சுவரில் விழாது. மூன்று கேமராக்களின் படமும் மேலே கட்டுப்பாட்டு அறைக்கு ஒரே நேரத்தில் வரும். தயாரிப்பாளர் எண்ணைச் சொல்ல, விஷன் மிக்ஸர் பொத்தானை அழுத்த, கீழே அந்தக் கேமராவின் சிவப்பு விளக்கு எரியும். எடிட்டிங் என்றால் ஒரு டேப்பிலிருந்து இன்னொன்றுக்குப் பிரதியெடுப்பது. ஒவ்வொரு பிரதியிலும் படம் மங்கும். அதனால் நீண்ட காட்சிகளை நிறுத்தாமல் எடுத்துவிடுவதையே விரும்பினார்கள். ஒன்பதாவது நிமிடத்தில் வசனம் தவறினால் முதலிலிருந்து. பின்னர் வந்த எஸ்.வி. சேகரின் ‘வண்ணக் கோலங்கள்’, கே. பாலசந்தரின் ‘ரயில் சிநேகம்’ போன்ற தொடர்களைத் தமிழகம் வரவேற்றதற்கு முன்பாக, இந்த ஒற்றை நாடகங்கள் ஒரு தலைமுறை நேயரைப் பழக்கியிருந்தன.

வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’. அரைமணிக்குள் அடங்கும் சில திரைப்பாடல்கள். தெருக்கள் வெறிச்சோடியதை அந்தக் காலத்தவர் அனைவரும் சொல்வார்கள். ஊராட்சி மன்றக் கட்டடத்தில் வைத்த பெட்டியின் முன்பும், பெட்டி உள்ள வீட்டுத் திண்ணையிலும் கூட்டம் சேர்ந்தது. உள்ளே அது ஒரு பொருத்தும் வேலை: பழைய பாட்டு ஒன்று, புதிய பாட்டு இரண்டு, அடுத்தடுத்து ஒரே நடிகர் வராத வரிசை, எல்லாவற்றையும் சேர்த்தால் நொடி பிசகாத நீளம். பிலிம் அறுந்தால் ஒட்டுவதற்கு டெலிசினி அறையில் ஆள் தயாராக நிற்பார். அந்த இடைவெளியில் திரைக்கு வருவது ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்ற அட்டை.

இரவு 8.40க்கு டெல்லி. 1982 ஆகஸ்ட் 15 அன்று வண்ணத்தோடு தொடங்கிய தேசிய ஒளிபரப்பு இன்சாட் செயற்கைக்கோள் வழியாக வரும். சென்னையின் கடைசி நிகழ்ச்சி முடிவதும் டெல்லியின் படம் எழுவதும் ஒரே கணத்தில் நிகழ வேண்டும். அரைமணி முன்பிருந்தே ஒரு திரையில் டெல்லியின் படம் ஓடிக்கொண்டிருக்கும். மாற்றுப் பலகையின் முன் உட்கார்ந்தவரின் கண் கடிகாரத்தைவிட்டு அகலாது. இந்தி நிகழ்ச்சிகளுக்காகத் தமிழ் வெட்டுப்படுகிறது என்ற கோபம் தமிழகத்தில் பரவலாக இருந்தது. அதை முதலில் கேட்டவர்கள் நிலையத்தின் தொலைபேசியை எடுத்தவர்கள்தான். தென்மாவட்டங்களின் நிலைமை இன்னும் விசித்திரம். 1984 வாக்கில் வேகமாக நிறுவப்பட்ட சிறுதிறன் கோபுரங்கள் செயற்கைக்கோளில் வந்த டெல்லி நிகழ்ச்சிகளையே எடுத்துத் தந்தன. சென்னைத் தமிழ் அங்கே எட்டவில்லை. 1982 பிப்ரவரியில் தொடங்கிய இலங்கை ரூபவாஹினியின் படமோ கடல் தாண்டித் தெளிவாக வந்தது. மொட்டைமாடி ஆன்டெனாவை இலங்கைப் பக்கம் திருப்பிவைத்துத் தமிழ் நிகழ்ச்சி பார்த்தவர்கள் அங்கே ஏராளம். கொடைக்கானல் மலையின் உயர்திறன் ஒளிபரப்பி வந்தபிறகே சென்னை நிகழ்ச்சிகள் தெற்கில் பரவலாகக் கிடைத்தன.

டெல்லியின் நிகழ்ச்சி ஓடும்போதும் வேலை முடியாது. டியூட்டி அதிகாரி லாக் புத்தகத்தை நிரப்புகிறார்: எந்த நிகழ்ச்சி எத்தனை நொடி தாமதம், எங்கே ஒலி போனது, எந்த டேப்பில் கோடு விழுந்தது. மறுநாள் காலைக் கூட்டத்தில் அது வாசிக்கப்படும். பிழைக்கு உரியவர் எழுந்து காரணம் சொல்ல வேண்டும். நேயர்களின் கடிதங்கள் வேறு மூட்டையாக வரும். ‘எதிரொலி’ நிகழ்ச்சியில் நிலைய இயக்குநரே அவற்றுக்குத் திரையில் பதில் சொன்னார். அடுத்த வாரம் என்ன பாட்டு போடுவீர்கள் என்பதிலிருந்து, அறிவிப்பாளரின் ஓர் உச்சரிப்புப் பிழைவரை கேள்விகள் இருந்தன.

நிலையத்தின் அலைவரிசை 2000இல் ‘பொதிகை’ என்ற பெயர் பெற்றது. 2024 ஜனவரி 19 முதல் அது ‘டிடி தமிழ்’. கணினி வந்தபின் நிகழ்ச்சிகளின் கோப்புகள் வரிசைப்படி ஒன்றன்பின் ஒன்றாகத் தாமாகவே ஓடுகின்றன. டேப்பை ஏற்றி ஓடவிட்டு நொடி எண்ணும் வேலை இல்லை. அக்காலத்தில் டேப்பின் விலை அதிகம், இறக்குமதிச் சரக்கு வேறு. ஒளிபரப்பியதை அழித்து அதன்மேலேயே மீண்டும் பதிவதுதான் வழக்கம். நேரடியாகப் போன அறிவிப்புகளும் செய்தி வாசிப்புகளும் பதிவே செய்யப்படாதவை. எனவே அந்த மாலைகளில் எஞ்சியிருப்பவை பெரும்பாலும் தனித்தனி நிகழ்ச்சிகளே. அவற்றை இணைத்த பகுதிகளைப் பற்றி அறிய, லாக் புத்தகங்களையும் ஓய்வுபெற்ற பணியாளர்களின் நினைவையுமே நாடவேண்டியிருக்கிறது.