மேருவிலிருந்து மெல்பர்னுக்கு ஒரு சைக்கிள்

"தம்பி, ரேடியோவுல ஊருக்கெல்லாம் யோசனை சொல்ற. இவனுக்கும் கொஞ்சம் சொல்லேன்." போன வருடம் தீபாவளிக்கு முன் அக்கா இப்படித்தான் ஆரம்பித்தார். அக்கா மகனுக்குப் பத்தொன்பது வயது. ஆஸ்திரேலியாவில் டிப்ளோமா படித்துக்கொண்டே மலைப்பாதை சைக்கிள் பந்தயங்களில் ஓட்ட வேண்டுமாம்.

இந்தப் பைத்தியம் எங்கிருந்து பிடித்தது என்று மேருக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பக்கத்திலேயே செத்தியா ஆலாம். நார்த் ஹம்மோக் தோட்டம் இருந்த அந்தப் பக்கமெல்லாம் இன்று தாமானும் பேரங்காடியும். அதை ஒட்டி ஷா ஆலாம் சமூகக் காடு. ஞாயிறு காலையில் அங்கே நடக்கப் போகிறவராக இருந்தால், வேர்களுக்கும் சேற்றுக்கும் நடுவே சைக்கிளில் பாய்ந்து இறங்கும் பையன்களுக்கு நீங்களும் ஒதுங்கி வழி விட்டிருப்பீர்கள். அதில் ஒருவன் எங்கள் வீட்டுப் பிள்ளை.

"இங்கேயே ஓட்டினா என்ன?" என்று அத்தான் கேட்டது நியாயமான கேள்வி. மருமகன் விளக்கியபோதுதான் எனக்கும் புரிந்தது. இந்தப் பந்தயத்தில் தரவரிசைப் புள்ளி உள்ளவர்கள் முன் வரிசையில் நிற்பார்கள். புள்ளி இல்லாதவர் கடைசியில். பாதையோ ஒற்றையடிப் பாதை. முன்னால் போகிறவரைத் தாண்ட இடம் கிடைப்பதே அபூர்வம். அதற்குள், முதல் ஆள் முதல் சுற்றுக்கு எடுத்த நேரத்தில் 80 விழுக்காடு பின்தங்கிவிட்டால், நடுவர் கையைக் காட்டி வெளியே அனுப்பிவிடுவார். இந்த நெரிசலில் ஓட்டிப் பழக வேண்டுமென்றால் நெரிசல் உள்ள ஊருக்குத்தான் போக வேண்டும்.

அத்தானுக்குத் தெரிந்த சைக்கிள் வீரர் எம்.குமரேசன். 1992 பார்சிலோனா, 1996 அட்லாண்டா என்று இரண்டு ஒலிம்பிக்கில் ஓட்டியவர். அதே அட்லாண்டாவில்தான் மலைப்பாதை சைக்கிளும் முதன்முதலாக ஒலிம்பிக்கில் சேர்ந்தது என்றேன். "குமரேசன் ஓட்டுன இடத்துல மரம் இல்லப்பா" என்றார் அத்தான். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

மருமகன் சொன்ன பெயர் வேறு: அஸிஸுல்ஹஸ்னி அவாங். திரங்கானு, டுங்குனில் பிறந்த பையன். பதின்ம வயதின் கடைசியில் மெல்பர்ன் போய், அங்கேயே பயிற்சி எடுத்து, குடும்பமும் ஆனவர். 2016 ரியோவில் கெய்ரின் போட்டியில் வெண்கலம், 2017-இல் ஹாங்காங்கில் உலகப் பட்டம், 2021-இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி. தோக்கியோ இறுதிச் சுற்றன்று தொலைக்காட்சி முன் தொண்டை கட்டக் கத்தி, மறுநாள் கரகரத்த குரலில் நிகழ்ச்சி செய்தவன் நான்.

ஆனால் அந்தக் கதையில் நாம் பாதியைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். 2011 பிப்ரவரியில் மான்செஸ்டரில் அவர் விழுந்தார். ஓடுதளத்து மரத்துண்டு, ஏறக்குறைய 20 சென்டிமீட்டர், கெண்டைக்காலில் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் வந்தது. எழுந்து சைக்கிளில் ஏறிக் கோட்டைத் தாண்டினார் என்பதைச் சொல்வோம். அடுத்த நிமிடம் ஓடிவர ஜான் பீஸ்லி என்ற பயிற்சியாளரும் ஒரு தேசிய அணியும் அவருக்கு இருந்ததைச் சொல்வதில்லை. மெல்பர்னில் அவர் தனி ஆள் இல்லை. நாடு செலவு செய்து அனுப்பிய அணியில் ஒருவர். எங்கள் பையனுக்குப் பின்னால் இருப்பது அத்தானின் லாரி வருமானமும் அக்கா எடுத்த சீட்டும்தான்.

அதனால் நான் திறமையைப் பற்றி எதுவும் பேசவில்லை. "விழுந்தா யாருக்குப் போன் பண்ணுவ?" என்று மட்டும் கேட்டேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் இதை முதலில் கேளுங்கள். அவன் முழித்தான். இரண்டு வாரம் கழித்து, டாண்டினோங் பக்கம் ஓர் இலங்கைத் தமிழர் வீட்டில் அறை, உள்ளூர் சைக்கிள் கிளப்பில் உறுப்பினர், விபத்துக் காப்புறுதி என்று எழுதிக்கொண்டு வந்தான். அப்புறம்தான் அத்தான் வாயைத் திறந்தார்.

பிப்ரவரியில் போனான். வீட்டுக்குக் கொஞ்ச தூரத்தில் லிஸ்டர்ஃபீல்ட் பூங்கா. 2006 காமன்வெல்த் விளையாட்டின் மலைப்பாதைப் பந்தயம் நடந்த இடம். நம் காட்டில் ஈரக் களிமண்ணும் வேரும். அங்கே காய்ந்த மண்மேல் பொடிக்கல். இங்கே பழகிய பிரேக் பிடி அங்கே சறுக்கிவிடுகிறதாம். முதல் பந்தயத்தில் மூன்றாம் சுற்றிலேயே வெளியே அனுப்பிவிட்டார்கள். அக்காவிடம் சொல்லவில்லை. எனக்குத்தான் இரவு பதினொன்றுக்குப் போன். "மாமா, நான் வந்தது தப்போ?" நான் நிறையப் பேசவில்லை. அந்த வீட்டு அம்மா புட்டு அவித்து வைத்து, இவன் சாப்பிடும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாராம். அது என் பேச்சைவிட நன்றாக வேலை செய்தது.

ஜூன் குளிரில் விடிவதே ஏழரைக்கு. மாணவர் விசாவில் படிப்பு நடக்கும் நாட்களில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை செய்யலாம். ஒரு சைக்கிள் கடையில் சக்கரம் நிமிர்த்துகிறான். நல்ல பந்தய சைக்கிள் 20,000 வெள்ளியைத் தாண்டும் என்பதால் பழையதையே பிரித்துப் பூட்டுகிறான். ஆகஸ்டில் ஒரு பந்தயத்தை முழுதாக முடித்தான். கடைசியிலிருந்து ஆறாவது. அக்கா அதைத் தெருவுக்கே சொல்லிவிட்டார்.

அடுத்த டிசம்பர் வரை என்று பேச்சு. பாடத்தில் தேற வேண்டும், பாதிக்கு முன்னால் ஒரு பந்தயமாவது முடிக்க வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் உட்கார்ந்து பேசுவது. அத்தான் லாரிக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதியோடு எழுதி, அவனிடம் கையெழுத்தும் வாங்கி வைத்திருக்கிறார்.