துவைக்கிற கல்லும் இரண்டு கோடு சிக்னலும்

“என்னம்மா, மழச் சத்தம் கேக்கு. வெளியவா நிக்கே?”

சென்னையிலிருந்து தினமும் இரவு எட்டரை மணிக்குப் பேசும் மகள் கேட்கிற முதல் கேள்வி இதுதான். தென்காசிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அங்கே தனியாக இருக்கும் அம்மாவுக்கு வயது 68. சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்குள் செல்போன் எடுக்காது. புறவாசலில் இருக்கும் துணி துவைக்கிற கல்லில் ஏறி நின்றால் இரண்டு கோடு சிக்னல் வரும். எட்டரை அடிக்கும்போது போனோடு அங்கே போய் நின்றுவிடுவார்.

போன ஆடி மாதம், குற்றாலத்துச் சாரல் ஊர் முழுக்க நனைத்துக்கொண்டிருந்த ஒரு ராத்திரி. பேச்சின் நடுவே “ஐயோ” என்று ஒரு சத்தம். அப்புறம் எதுவும் இல்லை. மகள் திரும்பத் திரும்ப அடித்தாள். பக்கத்து வீட்டிலும் யாரும் எடுக்கவில்லை. எடுத்து, ஓடிப்போய்ப் பார்த்து, “எலும்புதான் விலகியிருக்கு போல, பயப்படாத” என்று அவர்கள் சொல்வதற்குள் நாற்பது நிமிடம் ஆகிவிட்டது.

மறுநாளே மகள் வந்துவிட்டாள். மணிக்கட்டில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்த அம்மாவிடம், “போதும்மா, என்கூட சென்னைக்கு வந்துரு” என்றாள்.

“சிக்னல் இல்லன்னு வீட்ட விட்டுட்டு வரச் சொல்லுதியே!”

“அப்ப வேற கம்பெனி சிம் வாங்குவோம்.”

அம்மா வாசல் சுவரைப் பார்த்தார். அப்பா பெயிண்டால் எழுதி வைத்துவிட்டுப் போன எண் அங்கே இருக்கிறது. அம்மாவின் பேரிலேயே அவர் வாங்கிக் கொடுத்தது. பேங்க், கேஸ், ரேஷன் கார்டு எல்லாவற்றிலும் அதே எண்தான்.

“நம்பர் மாறாதும்மா. கம்பெனி மட்டும்தான் மாறும்” என்றாள் மகள். எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் வசதி 2011 ஜனவரியிலேயே நாடு முழுவதும் வந்துவிட்டது.

எந்த நிறுவனம்? தெருவில் கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். வீட்டுக்கு இணைய இணைப்பு வாங்கி வைஃபை வழியாகப் பேசலாம் என்று மருமகன் போனில் யோசனை சொன்னார். “கரண்ட் போனா அந்தப் பெட்டியும் அணைஞ்சிருமே. காத்தடிச்சாலே இங்க கரண்ட் இருக்காது” என்றார் அம்மா. மாறிய பிறகு பிடிக்கவில்லை என்றாலும் 90 நாள் அங்கேயே இருந்தாக வேண்டும். அதனால் முதலிலேயே சோதித்துவிடுவது என்று முடிவானது.

பால்காரர், பக்கத்து வீட்டுத் தம்பி, அங்கன்வாடி டீச்சர் என்று மூன்று பேரிடம் மூன்று நிறுவனங்களின் சிம்மைக் கொஞ்ச நேரம் இரவல் வாங்கினார்கள். ஒவ்வொன்றையும் அம்மாவின் போனிலேயே போட்டுப் பார்த்தார்கள். போனுக்குப் போன் கோடு காட்டும் கணக்கு மாறும் என்பதால் கோட்டை நம்பவில்லை. அடுக்களை, கட்டில், குளியலறை, திண்ணை என்று நாலு இடத்தில் நின்று நிஜமாகவே பேசிப் பார்த்தார்கள். காலையில் ஒரு தடவை, ராத்திரி எட்டரைக்கு ஒரு தடவை. காலண்டர் தாளின் பின்பக்கம் கட்டம் போட்டு, சத்துணவுப் பதிவேடு எழுதுகிற மாதிரி இடது கையால் டிக் அடித்தார் அம்மா.

தெருவில் வேகமாகப் படம் ஓடிய சிம், அடுக்களைக்குள் வந்ததும் செத்துப்போனது. ஒரு முழ அகல மண்சுவர், மேலே தகரக் கூரை. அலைவரிசை கூடக்கூட, சுவரைத் தாண்டி வரும் சக்தி குறையும். 900 மெகா ஹெர்ட்ஸ் அலை தாண்டுகிற சுவரில் 2300 திணறும். இணைய வேகத்தில் சுமாரான அங்கன்வாடி டீச்சரின் சிம்தான் நாலு இடத்திலும் டிக் வாங்கியது.

PORT என்பதையும் எண்ணையும் டைப் செய்து 1900-க்கு அனுப்ப வேண்டும். அதற்கும் அந்தக் கல்லுக்குத்தான் போக வேண்டியிருந்தது! இந்தத் தடவை ஏறியது மகள். எட்டு எழுத்துக் குறியீடு வந்தது. அது நாலு நாள்தான் செல்லும். சிம் யார் பேரில் இருக்கிறதோ அவர்தான் போக வேண்டும் என்பதால், ஆதாரோடு அம்மாவையே தென்காசிக் கடைக்குக் கூட்டிப்போனாள்.

“பழைய ரீசார்ஜ்ல மிச்சம் இருக்க நாளு எல்லாம் போயிருமாமே?”

“ஆமாம்மா, போயிரும்.”

அம்மா மாவுக்கட்டைத் தடவிக்கொண்டார். “இதுக்குக் குடுத்ததவிடக் கம்மிதான். போட்டும்.”

மூன்றாம் நாள் பழைய சிம் அடங்கியது. புதியது உயிர் பெறும் வரை அம்மாவைத் தனியே விடாமல் கூடவே இருந்துவிட்டு, மகள் ரயிலேறினாள்.

அடுத்த நாள் இரவு எட்டரை. முதல் மணியிலேயே அம்மா எடுத்தார். பின்னால் ஃபேன் ஓடுகிற கிறீச் சத்தம் மட்டும் கேட்டது.

“எங்கம்மா இருக்கே?”

“கட்டில்ல படுத்திருக்கேன்.”

“அங்க மழ இல்லயா?”

“பெய்யுது. அது வெளிய.”