நல்லூர்கள் பல

நல்லூர் என்றவுடன் ஈழத்துத் தமிழர் நெஞ்சில் எழுவது கந்தன் திருக்கோயிலும் வெண்மணல் வீதியும் இருபத்தைந்து நாள் விழாவுமே. ஆயினும், அப்பெயர் யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரியதன்று. பூநகரிப் பகுதியிலே ஒரு நல்லூர் உண்டு. மூதூர்ப் பகுதியிலே பிறிதொன்று உண்டு. கடல் கடந்து தமிழகம் சென்றாலோ எண்ணித் தீராது. அப்பரடிகள் தம் முடிமேல் இறைவன் திருவடி சூட்டப்பெற்றதும், அமர்நீதியார் அடியார்க்குக் கோவணம் அளித்ததும் சோழநாட்டு நல்லூரில். சம்பந்தர் திருமணங்கண்டு சோதியிற் கலந்தது நல்லூர்ப் பெருமணத்தில். சிறுபாணாற்றுப்படை பாடிய நத்தத்தனாரோ இடைக்கழிநாட்டு நல்லூரினர்.

இவற்றுள் தாய் எது, சேய் எது என மாணவர் நம்மை வினவுவதுண்டு. சோழநாட்டிலிருந்து வந்து குடியேறியோர் தம் ஊர்ப்பெயரையே இங்கு இட்டனர் என உறுதியாய்க் கூறுவாரும் உளர். பெயரொற்றுமை ஒன்றையே சான்றாகக் கொண்டு குடிவரலாறு எழுதுதல் பொருந்தாது என்பது நம் துணிபு.

சொல்லை நோக்குவோம். நல் என்பதும் ஊர் என்பதும் புணர்ந்தன. தனிக்குறிலை அடுத்த ஒற்று இரட்டித்தது. அவ்வளவே. கொக்குவில் என்றால் கொக்கும் நீர்நிலையும் கண்முன் தோன்றும். நல்லூர் என்பதிலோ மரமுமில்லை, குளமுமில்லை; வாழ்ந்தோரின் மதிப்பீடு ஒன்றே உண்டு. பழமையானது மூதூர், புதியது புத்தூர், நீரும் நிலமும் நன்கமைந்தது நல்லூர். இத்தகைய பெயரை இரவல் வாங்கவேண்டுவதில்லை. தமிழ் பேசுவோர் எங்கே குடியமர்ந்தாலும் தாமாகவே படைத்துக்கொள்வர்.

இன்னுமொரு வழியும் உண்டு. சோழ பாண்டியர் கல்வெட்டுகளிலே ஊரின் பழம்பெயரைச் சொல்லி, 'ஆன' என்று இணைத்து, அரசனின் பெயரோ விருதோ முன்னிற்க 'நல்லூர்' என முடியும் புதுப்பெயரைப் பொறித்திருப்பதைக் காணலாம். அங்கே நன்மை மண்ணிலிருந்து வந்ததன்று; அரசாணையிலிருந்து வந்தது! வரி கட்டிய உழவர்க்கு அந்நன்மை எவ்வளவு தெரிந்ததோ, யாமறியோம்.

பெயர்கள் குடியோடு பெயர்வதேயில்லை என்று நாம் கூறவில்லை. யாழ்ப்பாணத்து நல்லூரிலேயே யமுனாரி என்னும் பழைய கேணி உளது. யமுனை நீரைக் காவடியிற் கொணர்ந்து அதிற் கலந்தனர் என்பது செவிவழி மரபு. மரபு எவ்வாறாயினும், யமுனை என்னும் பெயர் வடக்கே ஓடும் ஆற்றின் நினைவாகவன்றி இம்மண்ணில் முளைத்திராது. வந்த பெயரும் இங்கேயே பிறக்கக்கூடிய பெயரும் கூப்பிடு தூரத்திலே அருகருகே நிற்கின்றன.

ஒலி ஒன்றாயிருப்பின் பொருளும் ஒன்றாகும் என்பதும் இல்லை. தெலுங்கிலே 'நல்ல' என்பது கருமையைக் குறிக்கும். ஸ்ரீசைலம் அமைந்த நல்லமலைத் தொடரைத் தமிழர் நன்மை தரும் மலையென எண்ணலாம். ஆந்திரர்க்கு அது கருமலை. கன்னட நாட்டிலே தேவனஹள்ளிக்கு அருகிலும் ஒரு நல்லூர் உண்டு. அதன் பழம்புளியந்தோப்பு 2007ஆம் ஆண்டு இந்தியாவின் முதலாவது பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. ஒருகாற் சோழராட்சிக்கு உட்பட்டிருந்த நிலம் அது. எனினும் ஊரின் பழங்கல்வெட்டைப் பாராமல் அதன் பெயரைத் தமிழென்று உரிமை கோரோம்.

நம் நல்லூருக்கு மீள்வோம். ஆரியச்சக்கரவர்த்திகளின் இராசதானி 1619இற் போர்த்துக்கேயர் வசமாயிற்று. 1621இல் ஒலிவேறா என்னும் தளபதி பழைய கந்தன் ஆலயத்தை இடிப்பித்தான். ஆட்சிப்பீடம் பட்டினத்துக்குப் பெயர்ந்தது. சங்கிலித்தோப்பின் வளைவும் மந்திரிமனையும் இன்று பழமை பேசும் சின்னங்களாய் நிற்கின்றன. குருக்கள்வளவில் இப்போதைய ஆலயம் எழுந்தது 1734இல்; நாவலர் பெருமான் இவ்வூரிற் பிறந்தது 1822இல். அரசு போயும் பெயர் போகவில்லை. அதன் பொருள் மட்டும் மெல்ல மாறிற்று. இக்காலத்திலே 'நல்லூருக்குப் போகின்றோம்' என்று புறப்படுவார் ஓர் ஊரையா கருதுகின்றனர்? கந்தனையே கருதுகின்றனர்.