துணி மூட்டை

தெஹியோவிட்டப் பக்கத்து ரப்பர் தோட்டம். 2024 ஏப்ரல் 21, ஞாயிறு. பால்வெட்டு இல்லாததால் லயத்து வாசல்களில் ஆட்கள். முடக்கில் இருக்கும் அந்தோனியார் கெபியில் நாலைந்து பெண்கள் மெழுகுதிரி கொளுத்துகிறார்கள். இருவர் நெற்றியில் திருநீறு. கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போன பிள்ளைகளுக்காகக் கொச்சிக்கடை அந்தோனியாரிடம் நேர்த்தி வைப்பதில் இங்கே சைவம், வேதம் என்ற பேதமில்லை.

8.45. கெபி மணி அடிக்கிறது. 2019இல் உயிர்த்த ஞாயிறன்று இந்த நேரத்தில்தான் கொச்சிக்கடையில் குண்டு வெடித்தது. கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன் தேவாலயங்கள், கொழும்பின் பெரிய ஹோட்டல்கள் என்று 260க்கும் மேற்பட்ட உயிர்கள். சித்திரை வருசப் பிறப்புக்கு வந்துபோன பிள்ளைகள் திரும்பிச் சில நாள்தான் ஆகியிருந்தது. வாட்ஸ்அப்பை முடக்கி ஊரடங்கும் போட்ட அன்று, சிக்னல் கிடைக்கும் பாறையில் இந்த லயமே ஏறி நின்றது. கீழ்லயத்துக்கு ஒரு பெண்ணின் உடல் வந்தது.

மணிச் சத்தத்தில், மேட்டில் ஏறிக்கொண்டிருந்த துணி யாவாரி நிற்கிறார். மூட்டையைப் பலாமரத்தடியில் இறக்கி, தொப்பியைச் சரிசெய்துகொண்டு அப்படியே நிற்கிறார். மாவனல்லைக்காரர். இதே கேகாலை மாவட்டம். அங்கே 2018 டிசம்பர் 26இல் புத்தர் சிலைகளை உடைத்தவர்களைத் தேடிய தடம், அடுத்த மாதமே வனாத்தவில்லு வெடிபொருட்கள் வரை போனது. பொலிசாருக்கு உதவிய மாவனல்லை முஸ்லிம் ஒருவரை 2019 மார்ச்சில் அவர் வீட்டிலேயே சுட்டார்கள். ஏப்ரல் 4ஆம் திகதி இந்தியாவிலிருந்து எச்சரிக்கையும் வந்தது. தடுத்திருக்கலாம். அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பத்துக் கோடி ரூபா நட்டஈடு கட்ட வேண்டும் என்று 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்த்தது. அதற்கு வெகுமுன்பே இந்த மூட்டைக்காரர்களைத் தண்டித்துவிட்டோம். நியூயோர்க் கோபுரங்கள் விழுந்த 2001க்குப் பிறகு தாடியையும் தொப்பியையும் உலகம் பார்த்த பார்வை, 2019இல் லயத்து வாசலுக்கும் வந்து சேர்ந்தது. மாதக்கணக்கில் இவர் மேலே வரவில்லை. வந்த முதல் நாள், யாரும் கேட்காமலே, மூட்டையை அவிழ்த்து ஒவ்வொரு துணியாக உதறிக் காட்டினார். அந்த உதறலை மறக்க முடியவில்லை.

கெபியிலிருந்து பெண்கள் இறங்குகிறார்கள். செத்துப்போனவளின் தாய் அவரைப் பார்க்காமல் கடந்து, காமராவுக்குள் போய்விடுகிறாள். அவர் தலையைக் குனிந்து வழிவிடுகிறார்.

"நானா, அந்த நீலச் சீத்தை எவ்வளவு?" என்று இன்னொருத்தி குரல் கொடுக்கிறாள். மூட்டை அவிழ்கிறது. பிள்ளைகள் சுற்றிக்கொள்கிறார்கள்.

கொஞ்ச நேரத்தில் கீழ்லயத்துப் பையன் ஒருவன் ஐந்நூறு ரூபாத் தாளோடு வருகிறான். "அம்மா குடுக்கச் சொன்னாங்க." செத்தவளின் தம்பி. நாள் சம்பளம் ஆயிரம் ரூபா, அதில் பாதி.

கொப்பியைப் புரட்டிக் கணக்கெழுதுகிறார். "அம்மாக்கு சொகமா, மகன்?"

பையன் தலையாட்டுகிறான். உள்ளிருந்து குரல் மட்டும் வருகிறது.

"மிச்சத்த பத்தாந்தேதி சம்பளத்துக்குத் தாறேன்னு நானாகிட்ட சொல்லுடா."