மருந்து கிடைக்காத பாதிப் பேர்

மருத்துவ ஆராய்ச்சி என்றதும் புது மருந்தைப் பெற்றவர்களைப் பற்றித்தான் பேச்சு. எனக்கு மற்ற பாதிப் பேர் மேல்தான் கண். பழைய மருந்தையோ, வெறும் மாவு மாத்திரையையோ வாங்கிக்கொண்டு, சில சமயம் எதுவுமே வாங்காமல், சொன்ன தேதிக்கு வந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போனவர்கள். அவர்கள் இல்லையென்றால் எந்த மருந்து வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று யாராலும் சொல்ல முடிந்திருக்காது. ஒவ்வொரு துறையாகப் படித்தபோது குறித்து வைத்தவற்றில் சில இங்கே.

*

காசநோய். 1956-ல் சென்னையில் ஓர் ஆய்வு மையம் தொடங்கினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.), சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் என நாலு தரப்பும் சேர்ந்த முயற்சி. வாலஸ் ஃபாக்ஸ் என்ற மருத்துவர் பொறுப்பில் இருந்தார். அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி எளிமையானது: டி.பி. நோயாளியை சானடோரியத்தில் படுக்கப் போட்டுத்தான் குணப்படுத்த வேண்டுமா, வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தால் ஆகாதா?

அந்தக் காலத்தில் டி.பி.க்கு வைத்தியம் என்றால் நல்ல காற்று, பூரண ஓய்வு, பால், முட்டை. அதற்கு சானடோரியம் வேண்டும். நோயாளிகளின் எண்ணிக்கைக்கு முன்னால் இருந்த படுக்கைகளோ சொற்பம். நகரத்தின் ஏழைக் குடும்பங்களிலிருந்து 193 பேரைச் சேர்த்தார்கள். சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி சிலரை சானடோரியத்துக்கும் சிலரை வீட்டுக்கும் பிரித்தார்கள். மருந்து இரு தரப்புக்கும் ஒன்றே: ஐசோனியசிட், பி.ஏ.எஸ்., ஓராண்டுக்கு.

வீட்டில் இருப்பவர் மாத்திரையை முழுங்கினாரா, முற்றத்தில் எறிந்தாரா என்று எப்படித் தெரியும்? சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மிச்ச மருந்தை எண்ணினார்கள். சிறுநீரை வாங்கிவந்து மருந்தின் தடயம் இருக்கிறதா என்று பார்த்தார்கள்.

ஆண்டு முடிவில் கிருமி அடங்கியிருந்தவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். சானடோரியத்தில் இருந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டு எடை போட்டிருந்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கு நெருக்கடியான வீடு, அரைவயிற்றுச் சோறு. இத்தனை ஏற்றத்தாழ்வுக்கும் பலனில் வித்தியாசம் அவ்வளவுதான். அப்படியானால் வீட்டில் இருக்கும் பிள்ளைகுட்டிகளுக்குத் தொற்றாதா? ஐந்தாண்டு தொடர்ந்து பார்த்தார்கள். வீட்டில் சிகிச்சை பெற்றவரின் குடும்பத்துக்கு என்று தனியாக ஆபத்து கூடவில்லை. நோயாளி சளியில் கிருமியைத் துப்பிக்கொண்டிருந்ததெல்லாம் பெரும்பாலும் சிகிச்சை தொடங்குவதற்கு முன்புதான்.

1959-ல் முடிவு அச்சானது. சானடோரியம் கட்டும் காலம் உலகெங்கும் மெல்ல முடிவுக்கு வந்தது. அந்த மையம்தான் இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

*

குலுக்கலை மருத்துவத்தில் நிலைநிறுத்தியவர் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் என்ற ஆங்கிலேயப் புள்ளியியலாளர். 1948-ல் வெளியான ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வு, அதுவும் டி.பி.க்குத்தான். போருக்குப் பிந்தைய பிரிட்டனில் அந்த மருந்து எல்லாருக்கும் போதாது. போதாததையே நியாயமாக்கிக்கொண்டார்கள்: யாருக்குக் கொடுப்பது என்பதை மருத்துவரின் இரக்கமோ சிபாரிசோ தீர்மானிக்காது, ஒட்டிய உறைக்குள் இருக்கும் சீட்டு தீர்மானிக்கும். ஆறு மாதத்தில், மருந்து பெற்ற 55 பேரில் 4 பேர் இறந்தார்கள். படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேர்.

பாராட்டிவிட்டு நகர முடியவில்லை. தாங்கள் ஓர் ஆய்வின் ஒப்பீட்டுக் குழு என்பது அந்த 52 பேருக்குக் கடைசிவரை சொல்லப்படவில்லை.

*

பச்சிளம் குழந்தைகள். 1940-களில் தொடங்கி அமெரிக்க மருத்துவமனைகளில் குறைமாதக் குழந்தைகளுக்கு இன்குபேட்டரில் ஆக்சிஜனைத் தாராளமாகத் திறந்துவிட்டார்கள். நீலம் பாரித்த குழந்தை சிவந்து வரும். தாய்க்கும் நிம்மதி, நர்ஸுக்கும் நிம்மதி. அதே ஆண்டுகளில் அந்தக் குழந்தைகளின் விழித்திரை கெட்டுப் பார்வை போகத் தொடங்கியது. அப்படிப் பார்வை இழந்தவர்கள் உலகெங்கும் சுமார் பத்தாயிரம் பேர் என்று கணக்கு. 1950-ல் குறைமாதத்தில் பிறந்த பாடகர் ஸ்டீவி வொண்டர் அவர்களில் ஒருவர்.

ஆக்சிஜன்தான் காரணமோ என்று சந்தேகம் வந்ததும் வாஷிங்டன் மருத்துவமனை ஒன்றில் பாதிக் குழந்தைகளுக்குக் குறைத்துப் பார்த்தார்கள். இரவுப் பணி நர்ஸுகளுக்கு மனசு கேட்கவில்லை. ஆராய்ச்சி என்ற பெயரில் பிள்ளைகளைத் திணறவிடுகிறார்களே என்று, டாக்டர் போன பிறகு குழாயைத் திறந்துவிட்டார்கள். அன்பினால் செய்ததுதான். பிறகு 18 மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஆய்வு சந்தேகத்தைத் தீர்த்தது. பார்வையைப் பறித்தது அந்தத் தாராளம்தான்.

கதை அதோடு முடியவில்லை. பயந்துபோய் ஆக்சிஜனை ஒரேயடியாகச் சுருக்கியதில் வேறு குழந்தைகள் இறந்தார்கள். எவ்வளவு சரி என்ற ஆய்வு அரை நூற்றாண்டுக்குப் பிறகும் நடந்தது.

*

இதயம். மாரடைப்புக்குப் பின் துடிப்பு அவ்வப்போது தப்பினால் திடீர் மரணம் வரலாம் என்பது தெரிந்த விஷயம். துடிப்பைச் சீராக்கும் மாத்திரைகளும் இருந்தன. இ.சி.ஜி.யில் கோடுகள் அழகாக ஒழுங்குபட்டன. லட்சக்கணக்கானோருக்கு எழுதிக் கொடுத்தார்கள். எதற்கும் மாவு மாத்திரையோடு ஒப்பிடுவோம் என்று ஒரு குழு கிளம்பியது. 1991-ல் வந்த முழு அறிக்கையில், என்கைனைடு அல்லது ஃப்ளெகைனைடு பெற்ற 755 பேரில் 63 பேர் மரணம். மாவு மாத்திரை பெற்ற 743 பேரில் 26 பேர்.

இ.சி.ஜி. சீரானது, ஆள் போய்விட்டார். ரிப்போர்ட் நார்மல் என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்குதான் ஞாபகம் வருகிறது.

*

மூட்டுவலி. மருந்துக்கு மாவு மாத்திரை உண்டு, ஆபரேஷனுக்கு? ஹூஸ்டனில் புரூஸ் மோஸ்லி என்ற எலும்பு அறுவை நிபுணர் அதையும் செய்து பார்த்தார். மூட்டுத் தேய்மான வலியோடு வந்த 180 பேர். ஒரு பிரிவுக்கு ஆர்த்ராஸ்கோப்பி செய்து உள்ளே சுரண்டிச் சுத்தம் செய்தார். ஒரு பிரிவுக்குக் கழுவி மட்டும் விட்டார். மூன்றாம் பிரிவுக்கு முழங்காலில் மூன்று சிறு கீறல்கள், அவ்வளவுதான். ஆனால் கருவிகளைக் கேட்டு வாங்கினார், காலை மடக்கி நீட்டினார், கழுவும் சத்தம் கேட்க உப்புத் தண்ணீரைத் தெளித்தார். யாருக்கு எது என்பதை அறுவை அரங்கில்தான் உறையைப் பிரித்துப் பார்த்தார்.

இரண்டாண்டு கவனித்ததில் மூன்று பிரிவுக்கும் வலியில் வித்தியாசம் இல்லை. 2002-ல் இது வெளியானபோது எலும்பு வைத்தியர்கள் பலருக்குக் கோபம்.

சேர்வதற்கு முன் ஒவ்வொருவரும், எனக்கு வெறும் போலி அறுவைதான் கிடைக்கலாம், அதனால் என் மூட்டுக்கு நன்மை இருக்காது என்று தம் கைப்பட எழுதித்தர வேண்டும். தகுதியான 324 பேரில் 144 பேர் வேண்டாம் என்று எழுந்து போய்விட்டார்கள். எழுந்து போக முடிந்தது என்பதே அந்த ஆய்வுக்கு மரியாதை.

*

குழந்தை நலம், திருச்சி மாவட்டம். 15,419 சிறு பிள்ளைகள். ஊர்த் தொண்டர்கள் வாரம் ஒருமுறை வீடு வீடாகப் போய் சில சொட்டு கொடுத்தார்கள். பாதிப் பிள்ளைகளின் சொட்டில் வைட்டமின் ஏ இருந்தது. மீதிப் பேரின் சொட்டில் இல்லை. பார்வைக்கு நல்லது என்றுதான் வைட்டமின் ஏ-வை அறிந்திருந்தோம். லட்சுமி ரஹமத்துல்லாவும் சகாக்களும் 1990-ல் சொன்னது அதைவிடப் பெரியது: சொட்டு பெற்ற பிள்ளைகளிடையே மரணம் 54 சதவீதம் குறைவு.

*

பெண்கள் நலம், திண்டுக்கல் மாவட்டம். கருப்பை வாய்ப் புற்றுக்கு முந்தைய மாற்றத்தைக் கண்டுபிடிக்க ஆய்வகம் தேவையில்லை. நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, ஏறக்குறைய சமையல் வினிகரை, பஞ்சில் தொட்டுத் தடவி ஒரு நிமிடம் பொறுத்தால் கெட்ட இடம் வெளுக்கும். பயிற்சி பெற்ற நர்ஸ் போதும். 114 தொகுதிகளில் 57-க்கு இந்தப் பரிசோதனை, 57-க்கு இல்லை. அம்பிளிக்கை மருத்துவமனையை ஒட்டி நடந்தது. 2007-ல் வெளியான முடிவு: பரிசோதனை நடந்த தொகுதிகளில் அந்தப் புற்றால் இறப்பு 35 சதவீதம் குறைவு. பின்னர் தமிழக அரசு தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் முன்னோட்டமாக எடுத்துக்கொண்டது.

பரிசோதனை இல்லாத அந்த 57 தொகுதிப் பெண்கள்? வழக்கமாகக் கிடைப்பது, அதாவது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. இந்தியாவில் நடந்த இத்தகைய ஆய்வுகளை, பலன் தரும் பரிசோதனை எதையும் ஒரு தரப்புக்குத் தராமல் விட்டது சரியா என்று பிற்பாடு கடுமையாகக் கேட்டார்கள். ஊரில் ஏற்கெனவே இல்லாத ஒன்றைத் தராதது குற்றமா என்பது எதிர்க்கேள்வி. ஏழைகளுக்கு வழக்கமாக எதுவும் கிடைப்பதில்லை என்பதை ஆராய்ச்சிக்குச் சௌகரியமாக எடுத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை.

*

செங்கல்பட்டு, 1968. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்ற பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு. பதினைந்து ஆண்டு பின்தொடர்ந்து சொன்ன பதில்: பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் டி.பி.யை இந்த ஊசி தடுப்பதில்லை. இல்லை என்ற விடைக்கு இவ்வளவு உழைப்பா என்று தோன்றும். சிசுக்களுக்கு வரும் மூளைக்காய்ச்சல் வகை டி.பி.யைத் தடுக்கிறது என்பதால் பிறந்த குழந்தைக்கு இன்றும் அந்த ஊசியைப் போடுகிறார்கள்.

*

கோவிட் காலத்தில் பிளாஸ்மாவுக்காக வாட்ஸாப் முழுக்கக் கெஞ்சல். குணமானவரைத் தேடிக் குடும்பமே அலைந்தது. இத்தனைக்கும் 2020-லேயே ஐ.சி.எம்.ஆர். 39 மருத்துவமனைகளில் 464 பேரிடம் பார்த்துவிட்டது. நோய் முற்றியவர்கள் அல்லது இறந்தவர்கள், பிளாஸ்மா பெற்றவர்களில் 19 சதவீதம், பெறாதவர்களில் 18. வழிகாட்டு நெறிகளிலிருந்து பிளாஸ்மாவை எடுத்தது 2021 மே மாதம்தான். இரண்டாம் அலையில் அலைந்தவர்களின் கால்வலிக்கு யார் பொறுப்பு?

அதே 2020 ஜூனில் பிரிட்டன் ஆய்வொன்று, டெக்ஸாமெத்தசோன் என்ற பழைய, மலிவான ஸ்டீராய்டு, வென்டிலேட்டரில் இருப்பவர்களின் மரணத்தை மூன்றில் ஒரு பங்கு குறைப்பதாகச் சொன்னது. ஸ்டீராய்டு நல்லது என்று பொத்தாம் பொதுவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தலைக்காயத்துக்குப் பல பத்தாண்டு கொடுத்துவந்த ஸ்டீராய்டை 2004-ல் பத்தாயிரம் பேரிடம் சோதித்தபோது, பெற்றவர்களில்தான் சாவு அதிகம்.

*

கண். வயலில் வேலை செய்யும்போது தோகையோ மண்ணோ பட்டுக் கருவிழியில் பூஞ்சைப் புண் வரும். மதுரை, கோவை, புதுச்சேரி அரவிந்த் மருத்துவமனைகளில் 323 பேரிடம் பழைய சொட்டு மருந்து நாட்டமைசினையும் புதிய வோரிகோனசோலையும் ஒப்பிட்டார்கள். பழையது ஜெயித்தது. புதிது பெற்றவர்களில் கருவிழி ஓட்டையாவது கூடியதால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள். ஒதுக்கப்பட்டோம் என்று நினைத்திருக்கக்கூடியவர்களே இங்கே தப்பித்தவர்கள்.

*

மனநலம். இங்கே குலுக்கல் இல்லை, பொறுமை மட்டும். 1981 வாக்கில் சென்னையில் முதன்முறை மனச்சிதைவு கண்ட 90 பேரை ஆர். தாராவும் சகாக்களும் பத்து, இருபது ஆண்டு தாண்டியும் தேடித்தேடிப் பார்த்தார்கள். வந்தால் விடாது என்று நினைத்த நோயில், பத்தாண்டு முடிவில் பெரும்பாலோர் தேறியிருந்தார்கள்.

*

கம்மம், 2009. கருப்பை வாய்ப் புற்றுத் தடுப்பூசி ஆய்வு. பழங்குடிச் சிறுமிகள் தங்கியிருந்த விடுதிகளில் பலருக்குப் பெற்றோருக்குப் பதில் வார்டன்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஊசி போட்டுக்கொண்ட சிறுமிகள் சிலர் இறந்தார்கள். அந்த இறப்புகளுக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்றே விசாரணை சொன்னது. கையெழுத்து விவகாரத்தை 2013-ல் நாடாளுமன்றக் குழு கண்டித்தது.

ஓர் அரசு மருத்துவமனையின் ஓ.பி. வராந்தாவில் பார்த்தது: பல பக்கப் படிவத்தைப் பொறுமையாகப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார் ஓர் இளம்பெண். பெரியவர் இரண்டாம் பக்கத்திலேயே, "எங்க போடணும்னு காட்டும்மா, டாக்டரு சொன்னா சரிதான்" என்றார். அந்தப் பெண் விடவில்லை. "இல்லய்யா, முழுசாக் கேட்டுட்டு வேணாம்னாலும் சொல்லலாம்" என்று மறுபடி முதல் பக்கத்துக்குப் போனார். வரிசையில் பின்னால் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள்.

*

உங்களையோ வீட்டாரையோ ஆய்வில் சேரச் சொன்னால் பயந்து ஓட வேண்டாம். உடனே கையெழுத்தும் வேண்டாம். இந்தியாவில் மருந்து ஆய்வுகளை சி.டி.ஆர்.ஐ. பதிவேட்டில் முன்கூட்டியே பதிய வேண்டும் என்பது 2009-லிருந்து கட்டாயம். அந்த எண்ணைக் கேளுங்கள். எத்திக்ஸ் கமிட்டியில் யாரைத் தொடர்புகொள்வது என்று கேளுங்கள். எனக்குப் புது மருந்து கிடைக்காவிட்டால் என்ன கிடைக்கும்? உடம்புக்கு ஏதாவது ஆனால் செலவு யாருடையது? பாதியில் விலகினால் வழக்கமான சிகிச்சை தொடருமா? படிவத்தின் நகல் ஒன்று உங்கள் கையில் இருக்க வேண்டும். கடைசியாக, முடிவு வந்ததும் எனக்கும் சொல்வீர்களா என்று கேளுங்கள். இவற்றுக்கு நிதானமாகப் பதில் சொல்கிறவரிடம் தாராளமாகச் சேருங்கள். எரிந்து விழுகிறவரிடம் பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.