போர்ட்டை யார் பிடித்திருக்கிறார்கள்?

செங்கல்பட்டைச் சுற்றியுள்ள குவாரிகளிலிருந்தும் கிரஷர்களிலிருந்தும் ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய லாரிகள் விடியும் முன்பே கிளம்பிவிடும். எடை மேடையில் ஏறி இறங்கி, சீட்டு கைக்கு வந்தால்தான் வண்டி நகரும். மேடைக்கு அடியிலுள்ள லோடு செல்கள் பாரத்தை உணர்கின்றன, இண்டிகேட்டர் அதை எண்ணாகக் காட்டுகிறது, அந்த எண் ஒரு சீரியல் கேபிள் வழியாகக் கணினிக்குள் வருகிறது. வராத நாளில் திரையில் நிற்பது ‘ஆக்சஸ் டினைட்’. வெளியே லாரி வரிசை ரோடு வரை நீளும்.

“சார், மெஷின்ல எடை நிக்குது. கம்ப்யூட்டர்லதான் வரமாட்டேங்குது” என்பார் ஆபரேட்டர். எனக்கு அந்த ஒரு வாக்கியம் போதும். லோடு செல்லும் இண்டிகேட்டரும் நன்றாக இருக்கின்றன என்று அவரே சொல்லிவிட்டார். முத்திரை வைத்த எடைக் கருவியில் நாம் கை வைக்கவும் கூடாது. நம் வேலை கேபிளில் தொடங்குகிறது.

அனுமதி இல்லை என்று படித்ததும் பலர் புரோகிராமை அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டிப் பார்க்கிறார்கள். விண்டோஸில் அது பெரும்பாலும் வீண் முயற்சி. சீரியல் போர்ட்டை விண்டோஸ் ஒரு நேரத்தில் ஒரே புரோகிராமுக்குத்தான் கொடுக்கும். முதலில் திறந்தவர் மூடும்வரை அடுத்தவருக்குக் கிடைப்பது பிழை எண் 5. அந்தப் பெயரில் போர்ட்டே இல்லையென்றால் வருவது 2. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தாலே பாதித் தேடல் மிச்சம். 5 என்றால் போர்ட் இருக்கிறது, யாரோ பிடித்திருக்கிறார்கள். டாஸ்க் மேனேஜரைத் திறந்தால், விண்டோ மறைந்தும் உயிர் போகாத நம் எடை புரோகிராமே அங்கே ஓடிக்கொண்டிருக்கும். 2 என்றால், பெருக்கும்போது யூஎஸ்பி கன்வர்ட்டரைக் கழற்றி வேறு துளையில் செருகியிருப்பார்கள். காம் 3 இப்போது காம் 7. அந்த எண் 10-ஐத் தொட்டுவிட்டால் விண்டோஸை நேரடியாக அழைக்கும் பழைய புரோகிராம்கள் இன்னொரு இடத்தில் தடுக்கும்: பெயருக்கு முன்னால் இரண்டு பின்சாய்கோடு, ஒரு புள்ளி, மறுபடி ஒரு பின்சாய்கோடு போட்டால்தான் போர்ட் திறக்கும்.

உபுண்டுவில் அனுமதி என்றால் உண்மையிலேயே அனுமதிதான். பயனரை ‘டயல்அவுட்’ குழுவில் சேர்த்து, ஒருமுறை வெளியேறி உள்ளே வந்தால் சரியாகிவிடும்.

ஆனால் என் மனம் திரும்பத் திரும்பப் போய் நிற்பது அந்த 5-இல்தான். போர்ட்டைத் திறக்க எழுதும் வரியில் எல்லோரும் கவனமாக இருக்கிறோம். மூட எழுதும் வரியைக் கடைசியில் ஒட்டவைக்கிறோம். 2005-இல் டாட் நெட் 2.0-உடன் சீரியல்போர்ட் கிளாஸ் வந்தது. விஷுவல் பேசிக் 6-இன் எம்எஸ்காம் கன்ட்ரோலோடு மல்லுக்கட்டியவர்களுக்கு அது பெரிய ஆறுதல். அதிலும் ஒரு கண்ணி உண்டு. தரவை வாங்கும் திரெட், எடையைத் திரையில் எழுதுவதற்காகத் திரையை நடத்தும் திரெட்டிடம் ‘இன்வோக்’ கொடுத்துவிட்டுக் காத்து நிற்கும். சரியாக அந்த நொடியில் ஆபரேட்டர் மூடும் பட்டனை அழுத்தினால், திரை திரெட் தரவு திரெட்டின் வேலை முடியட்டும் என்று காத்து நிற்கும். குறுகிய பாலத்தில் எதிரெதிரே ஏறிவிட்ட இரண்டு லாரிகள். புரோகிராம் உறைகிறது, போர்ட் பிடியிலேயே இருக்கிறது, அடுத்து திறப்பவருக்கு 5. ‘பிகின்இன்வோக்’ என்று மாற்றினால் தரவு திரெட் செய்தியைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடும். எழுதியவர் செய்ய வேண்டியது ஒரு சொல் மாற்றம். அதைச் செய்யாததற்காக டிரைவர்கள் வெயிலில் நிற்கிறார்கள். இதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

போர்ட் திறந்தபிறகும் கவனம் வேண்டும். இண்டிகேட்டர்கள் பலவும் எடையை நிறுத்தாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். 24350 கிலோ என்பது 243 என்றும் 50 என்றும் இரண்டு துண்டாக வந்து சேரலாம். வரி முடியும் குறி வரும்வரை சேர்த்துவைக்காத புரோகிராம் 243 என்று சீட்டு அடித்துவிடும். அந்தச் சீட்டை வைத்துத்தான் வாடகையும் சரக்கின் விலையும் கணக்காகின்றன.

மாமல்லபுரம் பக்கம், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய இடங்களில், புரோகிராமைத் தொடுவதற்கு முன் கேபிளைக் கழற்றிப் பார்ப்பது என் வழக்கம். உப்புக் காற்று ஒன்பது முள் கனெக்டரைத் தின்றுவிடும். முள்ளில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். காலையில் எடை வரும், பிற்பகலில் வராது. கேபிளின் இண்டிகேட்டர் முனையைக் கழற்றி, அதில் 2, 3 ஆகிய முட்களை ஒரு கம்பித் துண்டால் இணைத்து, டெர்மினலில் ஏதாவது தட்டினால் தட்டியதே திரும்பி வர வேண்டும். வந்தால் கணினி, கன்வர்ட்டர், கேபிள் மூன்றும் நலம். இண்டிகேட்டரை மறுபடி இணைத்தபின் எழுத்துகள் வராமல் குப்பை வந்தால் அது பெரும்பாலும் களிம்பின் வேலையாக இருக்காது, 9600-உம் 2400-உம் போல இரண்டு பக்கமும் வேறு வேறு வேகத்தில் பேசுகின்றன என்று பொருள். இந்தக் கேபிள் பின்பற்றும் ஆர்எஸ்-232 என்ற தரம் 1960-இல் அமெரிக்காவில் பிறந்தது. ஏறத்தாழ 15 மீட்டர் கேபிளுக்குள் பேசுவதற்காக நினைக்கப்பட்டது. ஐப்பசி இடியில் மேடைக்கும் அறைக்கும் நில இணைப்பின் மின்னழுத்தம் வேறுபட்டால் முதலில் போவது போர்ட்தான். ஒளி வழியாகத் தரவைக் கடத்தும் ஐசொலேட்டர் ஒன்றை நடுவில் போடச் சொல்லி முதலாளிகளிடம் வாதாடுகிறேன். ஒரு மழைக்காலம் கடந்தவர்கள் உடனே ஒப்புக்கொள்கிறார்கள்.

இப்போது நான் எழுதும் எடை புரோகிராம்களில் ‘ஆக்சஸ் டினைட்’ திரைக்கு வருவதில்லை. பிழை எண் 5-க்கு, “எடை கேபிளை வேறு புரோகிராம் பயன்படுத்துகிறது. பழைய எடை விண்டோ திறந்திருந்தால் மூடிவிட்டு மறுபடி அழுத்தவும்” என்று தமிழில் வரும். 2-க்கு, “கேபிள் கழன்றிருக்கிறது அல்லது இடம் மாறியிருக்கிறது” என்று வரும். கீழே அப்போது இருக்கும் போர்ட்களின் பட்டியலும் வரும். இரவுப் பணியில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஆபரேட்டர் பட்டியலிலிருந்து சரியான போர்ட்டைத் தொட்டுவிட்டு, அடுத்த லாரியை மேடையில் ஏற்றிவிடுகிறார்.