தாராவியில் உயிர் பெறும் ஜீப்

நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டிக்கு மும்பையில் என்ன வேலை? இருப்பதெல்லாம் நெரிசலும் ஜூலை மாத வெள்ளமும்தான். ஆனால் இந்திய ஜீப்புக்கு இந்த ஊர்தான் பிறந்த வீடு. மஹிந்திரா நிறுவனம் அமெரிக்க வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கியது இங்கேதான். 1985-ல் மாருதி ஜிப்சி வந்து சேர்ந்துகொண்டது. இவற்றில் மிச்சமிருப்பவை இன்றும் சனிக்கிழமை மலையேறுகின்றன. திங்களன்று முனகிக்கொண்டு திரும்புகின்றன.

அந்த முனகலைக் காது கொடுத்துக் கேட்டால் பாதி வேலை முடிந்தது. செம்பூர்வாசிகளுக்கு இதற்குத் தோதாகக் கிழக்கு விரைவுச் சாலை இருக்கிறது. விடியற்காலையில் வண்டியை எடுங்கள். கியர் போட்டதும் அடியில் ‘டக்’ என்றால் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ் தேய்ந்திருக்கலாம். குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் உடல் நடுங்கினால் ஷாஃப்ட் சமநிலை இழந்திருக்கலாம். ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஊளை, விட்டால் வேறு சத்தம் என்றால் சந்தேகம் கிரவுன்-பினியன் மீது.

சில நேரம் நோயே இருக்காது, பழக்கம்தான் தவறு. பழைய ஜீப்பிலும் ஜிப்சியிலும் முன், பின் அச்சுகளுக்கு நடுவே டிஃபரன்ஷியல் கிடையாது. திருப்பத்தில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் ஓடுகின்றன. சேற்றில் சக்கரம் வழுக்கி இந்தக் கணக்கைச் சரிக்கட்டிவிடும். தார் ரோட்டில் அது நடக்காது. முறுக்கு முழுவதும் டிரான்ஸ்ஃபர் கேஸில் இறங்கும், லீவர் இறுகிவிடும். சுத்தியலைத் தேட வேண்டாம். நேராகச் சில அடி பின்னால் நகர்த்தினால் பெரும்பாலும் விட்டுவிடும்.

மழை வேறு கதை. 2005 ஜூலை 26-ல் சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மி.மீ. கொட்டியது. வெள்ளத்தில் இறங்கும் சூடான அச்சு சட்டெனக் குளிர்ந்து, காற்றுத் துளை வழியாகவும் தேய்ந்த சீல் வழியாகவும் நீரை உறிஞ்சிக்கொள்ளும். கியர் ஆயில் பால் கலந்த காபி நிறத்துக்கு மாறியிருந்தால் அன்றே மாற்றிவிடுவது மலிவு. விட்டுவிட்டால் பேரிங் துருவேறும்.

பாகம் தேடிப் போக வேண்டிய இடம் பக்கத்து குர்லாவின் பழைய சாமான் கடைகள். அங்கே கண்ணைவிட எண்ணிக்கை முக்கியம். போர்க்கால வில்லிஸின் கிரவுன்-பினியன் பற்கள் 39-க்கு 8. பின்னால் வந்த சிஜே-2ஏ வகையில் 43-க்கு 8. முன் அச்சில் ஒன்றும் பின் அச்சில் மற்றொன்றும் மாட்டினால் நான்கு சக்கர இழுவையைப் போட்ட மாத்திரத்தில் இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும்.

குர்லாவில் கிடைக்காதது தாராவியில் செய்யப்படுகிறது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிட வந்தவர்களின் சந்ததிகள் வாழும் இடம் இது. பிளாஸ்டிக்கை நொறுக்கும் இயந்திரங்களையே இங்கே செய்துகொள்கிறார்கள். தேய்ந்த புஷ்ஷை மாதிரிக்குக் கொடுத்தால் லேத்தில் புதிது கடைந்து தருவார்கள். தேய்ந்த தண்டில் வெல்டிங்கால் உலோகம் ஏற்றிப் பழைய அளவுக்குக் கொண்டுவருவார்கள். எல்லைகளும் உண்டு. உடைந்த கியர் பல்லை ஒட்டி ஓட்டுவது ஆபத்து. அதற்கு வெப்பப் பதம் வேண்டும்.

காத்திருக்கும் நேரத்துக்கு மாட்டுங்கா அருகிலேயே இருக்கிறது. 1915 முதல் ரயில் பெட்டிகளைப் பழுது பார்க்கும் பணிமனையும், 1887-ல் தொடங்கிய வி.ஜே.டி.ஐ. பொறியியல் கல்லூரியும், ஃபில்டர் காபியும் இங்கே உண்டு. செம்பூரிலிருந்து இதுவரை வண்டியின் நோவைத் தமிழிலேயே சொல்லித் தீர்க்கலாம் என்பது சின்ன விஷயமல்ல. ‘கரகர’வுக்கும் ‘கடகட’வுக்கும் உள்ள வித்தியாசத்தை வேறு மொழியில் விளக்கிப் பாருங்கள்.

இந்த ஏற்பாடு எத்தனை நாளைக்கு? தாராவியைப் புதிதாகக் கட்டும் ஏலத்தை 2022 நவம்பரில் அதானி குழுமம் 5,069 கோடி ரூபாய்க்குக் கேட்டு வென்றது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பவர்களுக்குத்தான் தாராவிக்குள்ளேயே இலவச வீடு. மற்றவர்கள் வெளியே போக வேண்டியிருக்கும். லேத் இயந்திரமோ கனமானது, சத்தமிடுவது, அடுக்குமாடிக்கு ஒத்துவராதது. உரிமையாளருக்கு இடம் கிடைத்தாலும் கூலிக்குக் கடைபவர் எங்கே போவார்? அவர் கிழக்கே ஒரு மூலைக்கும், பாகம் விற்பவர் வடக்கே ஒரு மூலைக்கும் சிதறினால் ஒரு நாள் வேலை ஒரு மாதமாகும்.

பதினைந்து வயதான வண்டிக்குச் சட்டம் இன்னும் கதவைச் சாத்தவில்லை. மும்பையில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கலாம். 2022 ஏப்ரலில் கார்களுக்கான கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக ஏறியதுதான் வலி. வண்டிக்கு வழி இருக்கிறது. அதைப் பிழைக்க வைக்கும் கைக்குப் புதிய தாராவியில் ஒரு தரைத்தளம் ஒதுக்குவார்களா என்பதுதான் கேள்வி.